இன்னுமொரு கிளி வேண்டுமா?

கிளி வளர்ப்பது எமது வீடுகளுக்குப் புதிய விடயமல்ல. விறாந்தையில் ஒரு கூடு, அதற்குள் ஒரு பச்சைக்கிளி, வருவோரைப் பார்த்து "ஆர் வந்தது?" என்று கேட்கும் அதன் குரல். போரிலே உறவுகளை இழந்து தனித்திருக்கும் சகோதரிகள் பலருக்கு இக்குரல் ஓர் ஆறுதல். ஆனால் ஒரு கிளி இருக்கும் வீட்டிற்கு இன்னும் இரண்டு கிளிகள் வரப்போகின்றன என்றால் என்ன செய்வது?

வலிகாமத்தில் தையல் வேலை செய்து வாழும் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு அண்மையில் இவ்வாறானதொரு நிலை ஏற்பட்டது. அவருக்கு வயது 58. கணவர் இல்லை. பன்னிரண்டு வருடங்களாக ஒரு கிளி வளர்க்கிறார். அயல்வீட்டினர் கனடாவில் உள்ள பிள்ளைகளிடம் புறப்பட்டபோது, தமது இரண்டு கிளிகளையும் எடுக்கும்படி கேட்டனர்.

"என்ரை கிளியும் தனியக் கிடக்குது தங்கச்சி. இதுகள் வந்தால் அதுக்குத் துணைதானே? ஆனால் மனம் பயப்பிடுது" என்றார் அக்கா.

அந்தப் பயத்திற்குக் காரணம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்த வேளை, அவர் அப்போது வளர்த்த கிளியின் கூட்டுக் கதவைத் திறந்து விட்டுத்தான் வெளிக்கிட்டார். மீண்டும் வந்தபோது வெறுங்கூடு மட்டுமே கிடந்தது.

நாங்கள் இருவரும் ஒரு கொப்பியை எடுத்து, யோசிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம். அவை உங்களுக்கும் பயன்படலாம்.

துணையா, சண்டையா?

கிளி கூட்டமாக வாழும் பறவை என்பது உண்மை. ஆயினும் எந்தக் கிளியும் எந்தக் கிளியோடும் ஒத்துப்போகும் என்பதில்லை. மனிதரோடு தனியாக வளர்ந்த கிளி, புதிதாக வருவதைக் கொத்திக் காயப்படுத்தலாம். ஆகவே ஒரே கூட்டில் உடனே விடக்கூடாது. தனித்தனிக் கூடுகளில் வைத்து, சில வாரங்கள் பார்த்துப் பழக விடவேண்டும். பழகாவிட்டால் இரண்டு கூடுகளும் எப்போதுமே தேவைப்படும். கிளிகள் தமக்குள் சோடி சேர்ந்தால் உங்களோடு பேசுவது குறையவும் கூடும்.

எத்தனை வருடங்கள்?

நன்கு பராமரித்தால் பச்சைக்கிளி 25 வருடங்களுக்கு மேலும் வாழக்கூடியது. "எனக்குப் பிறகு இதுகளை ஆர் பாக்கிறது?" என்று அக்கா கேட்டார். இக்கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாவிட்டால் சற்று நிதானிப்பது நல்லது.

நேரமும் செலவும்

தினை, நெல், பயறு, கொய்யாப்பழம், முருங்கையிலை என்பன எமது ஊரில் கிடைப்பவையே. ஆயினும் மூன்று வாய்க்கு மூன்று மடங்கு வேண்டும். தினமும் தண்ணீர் மாற்றி, கூடு துப்புரவாக்கி, சிறிது நேரம் வெளியே விட்டுப் பழகவும் வேண்டும். கூலித் தையலில் ஒரு மணித்தியாலம் குறைந்தால் வருமானமும் குறையும்.

நோய்

கிளிகளின் காய்ந்த எச்சத் தூசியைச் சுவாசிப்பதால் ஒருவகைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றலாம். காய்ச்சல், தலையிடி, வரட்டு இருமல் என்பன அதன் அறிகுறிகள். மருந்தினால் குணப்படுத்தலாம். வைத்தியரிடம் செல்லும்போது கிளி வளர்ப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். எச்சத்தை நனைத்த பின்பே துடையுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணித் தாய்மார் இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது. புதிய கிளியைக் குறைந்தது 30 நாட்கள் வேறோர் அறையில் வைத்துப் பார்க்கவேண்டும். பறவைகள் தமது நோயை மறைக்கும் இயல்புடையவை. விறகுப் புகை அவற்றுக்கு ஆகாது என்பதால் குசினிக்குள் கூட்டைத் தொங்கவிடாதீர்கள்.

எங்கிருந்து வந்தது?

பொந்திலிருந்து எடுத்த குஞ்சைச் சிலர் விற்க வருவார்கள். அதனை வாங்கினால் நாளை இன்னொரு பொந்திலும் கை விழும். அது தாயிடமே வளரட்டும்.

அக்காவின் முடிவு

கொப்பியை மூடிவிட்டு இரண்டு நாட்கள் யோசித்தார் அக்கா. அந்த இரண்டு கிளிகளும் ஒன்றாகவே வளர்ந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துப் பிரிக்க அவருக்கு மனமில்லை. கூட்டில் வளர்ந்தவை தாமாக இரை தேடப் பழகாதவை என்பதால், திறந்து விடவும் முடியாது. ஏற்கெனவே பெரிய கம்பிக்கூடு வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் அவரே சென்று பேசினார். இரண்டும் சேர்ந்தே அங்கு போயின.

"அண்டைக்கு வேறை வழியில்லாமல் கதவைத் திறந்து விட்டிட்டு ஓடினன். இனிக் கடைசிமட்டும் பாக்கக் கூடியதைத்தான் எடுப்பன்" என்றார்.

இரக்கப்பட்டு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதே நல்ல மனம் என்று நாம் பழகிவிட்டோம். எம்மால் இயலாததை இயலாது என்று சொல்லி, இயன்றவரைத் தேடிக் கொடுப்பதும் நல்ல மனமே. இடமும் நேரமும் பின்னால் பார்க்க ஓர் ஆளும் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். இல்லாதவர்கள், இருக்கும் கிளிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம்.

அக்கா இப்போது கிளிக்கூட்டைத் தையல் மெசினுக்கு அருகே மாற்றியிருக்கிறார். முற்றத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும் வைக்கிறார். ஷெல் பட்டுத் தலை போன பனையின் பொந்தில் கூடுகட்டியுள்ள காட்டுக்கிளிகள் பின்னேரங்களில் வந்து குடிக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் கிளி அவற்றைக் கண்டதும் "ஆர் வந்தது?" என்று கேட்கிறதாம்.