இறகால் ஓர் ஈ

குளிர்நாட்டு ஆறுகளின் மேல் மாலை வேளையில் புகைமண்டலம் போல ஒரு பூச்சிக் கூட்டம் பறப்பதுண்டு. அவை கொசுவைப் போன்ற தோற்றமுடையவை, ஆனால் கடிப்பதில்லை. ‘மிட்ஜ்’ எனப்படும் இந்தச் சிற்றீக்கள் நீரில் பிறந்து வளர்கின்றன. டிரவுட் மீன்கள் இவற்றை விரும்பி உண்கின்றன. எனவே, டிரவுட்டைப் பிடிக்க விரும்புவோர் தூண்டில் முள்ளின் மீது இறகையும் நூலையும் கட்டி, இந்த ஈக்களைப் போன்ற செயற்கை ஈக்களைச் செய்கின்றனர்.

பெரிய ஈயைக் கட்டுவது ஓரளவு எளிது. கடுகளவு ஈயைக் கட்டுவதே கடினம். தெளிந்த நீர் மெதுவாக ஓடும் இடத்தில் இரையை உற்றுப் பார்க்க மீனுக்கு நேரம் கிடைக்கும். உண்மையான ஈயைவிடச் சற்றே பெரியதாக இருந்தாலும் அது ஏமாறாது, விலகிச் சென்றுவிடும். ஆகவே, இதற்கு மிகச் சிறிய முள் தேவை. தூண்டில் முட்களில் எண் கூடக் கூட அளவு குறையும். 24ஆம் எண் முள்ளின் தண்டு ஓர் அரிசி மணியைவிடக் குட்டையானது. அதற்குள் ஈயின் உடல், கால், இறக்கை அனைத்தும் அடங்க வேண்டும்.

இதற்கு எல்லா இறகுகளும் பொருந்தா. நீரின் மேல் மிதக்கும் ஈக்குச் சேவலின் கழுத்திறகு ஏற்றது. அதன் இழைகள் விறைப்பானவை. நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. தண்டைச் சுற்றிக் கட்டும்போது இழைகள் நாற்புறமும் விரிந்து, ஈயின் கால்களைப் போல நீர்ப்பரப்பின் மீது ஊன்றி நிற்கும். பெட்டைக்கோழியின் இறகோ மென்மையானது, நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால், நீருக்குள் மூழ்கும் ஈக்களுக்கு அது பயன்படுகிறது.

சேவல் இறகிலும் சரியான அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறகை முள்ளின் மீது வளைத்துப் பிடித்தால் இழைகள் விரிந்து நிற்கும். அவற்றின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். இழை நீண்டால் பூச்சி பெரியதாகத் தோன்றும்.

வாத்தின் வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உள்ளது. அதைச் சுற்றி வளரும் மெல்லிய இறகுகளைச் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியினர் 1920களிலேயே ஈ கட்டப் பயன்படுத்தினர். அவ்விறகுகளில் படிந்துள்ள எண்ணெய் நீரை விலக்குகிறது. நுண்ணிய இழைகள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. இவ்விரண்டு காரணங்களால் அந்த ஈ நன்கு மிதக்கிறது.

மயில் தோகையின் ஓர் இழையும் சேவலின் ஓர் இறகும் மட்டும் கொண்டு செய்யப்படும் ஈயும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிரிஃபித் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. அவர், டிரவுட் வாழும் ஆறுகளைக் காக்க 1959இல் தொடங்கப்பட்ட ‘டிரவுட் அன்லிமிடெட்’ என்னும் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர்.

சிறு ஈயைக் கட்டுவோர் முதலில் கற்க வேண்டியது சிக்கனம். ஒவ்வொரு சுற்று நூலும் ஈயைப் பருமனாக்கும். ஆகவே, மிக மெல்லிய நூலைத் தேர்ந்தெடுத்து, அதன் முறுக்கைத் தளர்த்தித் தட்டையாகச் சுற்றுவர். ஐந்து சுற்றில் முடியும் இடத்தில் ஆறாவது சுற்று வேண்டியதில்லை. நூலை மிகையாக இழுத்தால் அது அறும். தளர விட்டால் இறகு நழுவும். முள்ளின் கண்ணருகே சிறிது இடம் விட்டே முடிச்சிட வேண்டும். அங்கு நூல் குவிந்தால் கண் அடைபடும். தூண்டில் நரம்பைக் கோக்க முடியாது. அவ்வளவு உழைப்பும் வீணாகிவிடும்.

இறகின் மீதுள்ள ஆசை எல்லை மீறியதும் உண்டு. 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைகளின் பதப்படுத்தப்பட்ட உடல்கள் திருடப்பட்டன. அலங்காரச் சால்மன் ஈக்களைக் கட்டுவோர் அரிய இறகுகளுக்குப் பெரும்பணம் கொடுப்பதே அதற்குக் காரணம். அவற்றுள் சில, 1854இல் சிங்கப்பூருக்கு வந்து, மலாய்த் தீவுக்கூட்டத்தில் எட்டு ஆண்டுகள் ஆய்வு செய்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் திரட்டியவை. மீட்கப்பட்ட பலவற்றில் குறிப்புச் சீட்டுகள் இல்லை. எந்த இடத்தில், எந்த நாளில் கிடைத்த பறவை என்பது தெரியாமல் போனதால், அறிவியலுக்கு அவற்றின் பயன் பெரிதும் குறைந்தது.

மீனை ஏமாற்றும் சிற்றீக்கு அத்தகைய இறகு எதுவும் தேவையில்லை. சேவல், வாத்து ஆகியவை பண்ணையில் வளர்பவை. மயில் ஆண்டுதோறும் தோகையைத் தானே உதிர்க்கிறது. எளிய இறகும் பொறுமையான கையும் போதும். ஆற்றிலுள்ள மீனை அந்தக் கடுகளவு ஈ மேலே வரவழைத்துவிடும்.