வீட்டுக்குள் வந்த விளையாட்டு மைதானம்: எந்த வாசலுக்கு எவ்வளவு கட்டணம்?

தொண்ணூறுகளில் மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். மொட்டைமாடிகளில் நின்ற ஆன்டெனாக்கள் பலவும் கொடைக்கானல் மலையை நோக்கியே திருப்பி வைக்கப்பட்டிருந்தன. மலைமீது நின்ற தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து அலை இறங்கி வரும். கீழே உள்ள வீடுகள் அதைப் பெற்றுக்கொள்ளும். அக்காலத்துப் பிள்ளைகள் விளையாடிய 'டி.வி. கேம்' பெட்டிக்கோ அந்த அலையும் தேவைப்படவில்லை. இரண்டு கைப்பிடிகள், ஒரு கேசட், அருகருகே அமர்ந்த அண்ணனும் தம்பியும். அவ்வளவுதான். மகன் யாருடன் விளையாடுகிறான் என்று எந்தத் தாயும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எதிராளி கண்ணெதிரே அமர்ந்திருந்தான்.

இன்று நிலைமை வேறு. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கப்படும் 'கன்சோல்' என்னும் விளையாட்டுக் கருவி இணையத்தோடும் இணைகிறது. கொடைக்கானலில் அமர்ந்திருக்கும் சிறுவன் துபாயில் உள்ள மாமன் மகனோடு கால்பந்து ஆடுகிறான். முகமறியாத இன்னும் பலரோடும் ஆடுகிறான். மலையிலிருந்து அலை இறங்கிய காலம் போய், மலைக்கு அலை ஏறவும் வேண்டும், திரும்பி இறங்கவும் வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. இந்தப் போக்குவரத்துக்கு மூன்று பெரிய நிறுவனங்கள் மூன்று வாசல்களை வைத்து, அவற்றில் கட்டணமும் வசூலிக்கின்றன. பெருநாளுக்கு முன்போ, தேர்வு முடிந்த பின்போ பிள்ளைகள் 'சந்தா கட்டித் தாருங்கள்' என்று கேட்கும்போது, அந்தச் சந்தா எதற்கு என்று பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

கட்டண வாசலின் கதை

மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காக 2002 நவம்பரில் 'எக்ஸ்பாக்ஸ் லைவ்' சேவையைத் தொடங்கியது. இணையத்தில் பிறரோடு விளையாட ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும் என்ற வழக்கத்தைக் கன்சோல் உலகில் நிலைநிறுத்தியது அதுவே. போட்டி நிறுவனமான சோனி, 2006இல் பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தபோது இணைய ஆட்டத்தை இலவசமாகவே கொடுத்தது. ஆனால் 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 அந்த இலவசத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2010 முதல் கூடுதல் சலுகையாக மட்டும் இருந்துவந்த 'பிளேஸ்டேஷன் பிளஸ்' சந்தா, அன்று முதல் இணைய ஆட்டத்துக்குக் கட்டாயமாயிற்று. நின்டென்டோ நிறுவனமும் 2018 செப்டம்பரில் தன் ஸ்விட்ச் கருவிக்குக் கட்டணச் சேவையைக் கொண்டுவந்தது.

ஆக, இலவசம் என்று ஈர்த்தவரும் இறுதியில் கட்டணத்துக்கே வந்து சேர்ந்தார். கட்டணமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பிளேஸ்டேஷன் பிளஸின் அடிப்படைச் சந்தா 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 59.99 டாலரிலிருந்து 79.99 டாலராக உயர்ந்தது. எக்ஸ்பாக்ஸின் உயர்தரச் சந்தா 2025 அக்டோபரில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக உயர்த்தப்பட்டது. நின்டென்டோவின் அடிப்படைச் சந்தா, தொடங்கியபோது தனிநபருக்கு ஆண்டுக்கு 19.99 டாலர். மூன்றில் மலிவானது அதுவே.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. எல்லா விளையாட்டுகளுக்கும் இந்தச் சந்தா தேவையில்லை. ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் போன்று இலவசமாகவே வழங்கப்படும் விளையாட்டுகளைச் சந்தா இன்றியே பிறரோடு ஆடலாம். எக்ஸ்பாக்ஸில் மட்டும் இதற்கும் சந்தா கேட்கப்பட்டு வந்தது. 2021 ஏப்ரலில் அந்த நிபந்தனையும் நீக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கும் கால்பந்து, மைன்கிராஃப்ட் முதலியவற்றைப் பிறரோடு ஆடும்போதுதான் சந்தா தேவை. பிள்ளை எந்த விளையாட்டை ஆடுகிறான் என்று கேட்டறிந்தாலே பல இல்லங்களில் அந்தச் செலவு மிச்சமாகும்.

ஒரு கருவி, மூன்று பிள்ளைகள்

விளம்பரங்களில் ஒரு சிறுவனும் ஒரு கருவியும் மட்டுமே காட்டப்படுகின்றன. நம் இல்லங்களிலோ ஒரு கருவியைச் சுற்றி அண்ணன், தம்பி, தங்கை, விடுமுறைக்கு வந்த சிறிய தாயாரின் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே இருக்கும். எனவே குடும்பத்துக்கு முதற்கேள்வி, ஒரு சந்தா எத்தனை பேருக்குப் போதும் என்பதே.

பிளேஸ்டேஷனில் ஒருவர் சந்தா கட்டி, அக்கருவியில் பகிர்வு வசதியை இயக்கி வைத்தால், அதே கருவியில் தனிக் கணக்கு வைத்திருக்கும் மற்றவர்களும் இணையத்தில் ஆடலாம். எக்ஸ்பாக்ஸிலும் சந்தாதாரர் அதைத் தம் 'வீட்டுக் கருவி' என்று குறித்துவிட்டால் இதே சலுகை உண்டு. நின்டென்டோவில் அப்படி இல்லை. தனிநபர் சந்தா ஒரு கணக்குக்கு மட்டுமே உரியது. ஆனால் எட்டுக் கணக்குகள் வரை சேர்க்கக்கூடிய குடும்பச் சந்தா ஒன்று உண்டு. அதற்கு ஆண்டுக்கு 34.99 டாலர் என்று விலை வைத்தார்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தாலே தனித்தனியாகக் கட்டுவதைவிட அதுவே ஆதாயம்.

ஆட்டத்தில் முன்னேறிய நிலையைச் சேமித்து வைப்பதிலும் வேறுபாடு உண்டு. எக்ஸ்பாக்ஸ் அதை இணையக் கிடங்கில் இலவசமாகவே பாதுகாக்கிறது. மற்ற இரண்டிலும் அந்த வசதிக்குச் சந்தா வேண்டும். இடியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் பழகிப்போன மலையூர்களில் ஒரு நாள் கருவியே பழுதாகிவிட்டால், பிள்ளையின் பல மாத உழைப்பு அதோடு போகுமா, மீளுமா என்பது இதைப் பொறுத்தது.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டி

நம் சமுதாயத்தில் இத்தகைய கருவி, கடையிலிருந்து வருவதைவிட அத்தாவின் பெட்டியிலோ மாமாவின் பெட்டியிலோ வருவதே அதிகம். துபாயிலும் சிங்கப்பூரிலும் வாங்கியதை ஊருக்குக் கொண்டுவருவார்கள். இம்மூன்று நிறுவனங்களின் இன்றைய கருவிகளில் ஒரு நாட்டில் வாங்கிய விளையாட்டை வேறு நாட்டுக் கருவியில் ஆடுவதற்குப் பொதுவாகத் தடை இல்லை. சிக்கல் கணக்குத் தொடங்கும்போதுதான் எழுகிறது.

பிளேஸ்டேஷன் கணக்கைத் தொடங்கும்போது எந்த நாட்டைக் குறிக்கிறோமோ அந்த நாட்டுக் கடையே நமக்குரியது. சோனியின் விதிப்படி பின்னர் அதை மாற்ற இயலாது. அத்தா துபாயிலேயே ஐக்கிய அரபு அமீரகக் கணக்காகத் தொடங்கிக் கொடுத்துவிட்டால், ஊரில் உள்ள வங்கி அட்டையால் சந்தா கட்ட முயலும்போது அது ஏற்கப்படாமல் போகலாம். பிறகு வேறு கணக்குத் தொடங்கினால் முன்பு வாங்கியவை பழைய கணக்கிலேயே தங்கிவிடும். எக்ஸ்பாக்ஸில் குடியிருக்கும் நாட்டை மாற்றிக்கொள்ள வழி உண்டு. நின்டென்டோவோ இந்தியாவில் நேரடி விற்பனை செய்யாத நிறுவனம். இங்குள்ளோர் வெளிநாட்டுக் கணக்கை நம்பியே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. எனவே கருவியைப் பெட்டியில் வைக்கும்போதே, பணம் எந்த நாட்டிலிருந்து கட்டப்படும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

மலையேறும் கம்பி

பழனி மலைத்தொடரில் வாழ்வோர்க்கு மற்றொரு கேள்வி முக்கியம். எவ்வளவு சந்தா கட்டினாலும் இணைப்பு சரியில்லையேல் பயன் இல்லை.

இணைப்பின் வேகம் ஒன்று, தாமதம் மற்றொன்று. விளையாட்டைத் தரவிறக்கம் செய்ய வேகம் வேண்டும். 100 ஜிகாபைட் அளவுள்ள ஒரு விளையாட்டை நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் இறக்கினால் ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். 40 மெகாபிட் வேகமாயின் ஐந்தரை மணி நேரம் போதும். ஆனால் ஆடும்போது செலவாகும் தரவு மிகக் குறைவு. அப்போது வேண்டியது தாமதமின்மை. கைப்பிடியின் பொத்தானை அழுத்திய செய்தி தொலைவிலுள்ள கணினி நிலையத்துக்குச் சென்று விடையோடு திரும்பும் நேரத்தையே தாமதம் என்கிறோம். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கொடைக்கானலிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். போய்வர ஒரு நொடியின் ஆயிரத்தில் 11 பங்கு போதும். சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். போய்வர 30 பங்கு. நடைமுறையில் சுற்றுவழிகளால் இது இன்னும் கூடும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் துணைக்கோள் வழியே சென்றாலோ ஏறத்தாழ அரை நொடி ஆகிவிடும். பந்து வலைக்குள் புகுந்த பின்பே கோல்காப்பாளர் கை நீட்டுவார்!

இது எந்த நிறுவனத்தின் சந்தாவாலும் தீரும் குறையன்று. கம்பி வழி இணைப்பு எட்டும் இடத்தில் அதையே நாட வேண்டும். கருவிக்கும் இணைப்புப் பெட்டிக்கும் இடையே கம்பியில்லா வழியைத் தவிர்த்துக் கம்பியைப் பொருத்துவது தாமதத்தைக் குறைக்கும். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலைக்கிராமங்களில் காற்றும் மழையும் ஓங்கும் நாட்களில் மின்சாரமே நிச்சயமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து, சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டதை மலைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய இடங்களில் ஆண்டுச் சந்தாவை ஒரேயடியாகக் கட்டுவதைவிட, முதலில் ஒரு மாதம் கட்டிப் பார்ப்பதே விவேகம்.

நிறுவனங்களின் வாசலும் சில வேளைகளில் அடைபடும். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் இணையத்துக்குள் ஊடுருவல் நடந்து, சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. சேவை மூன்று வாரங்களுக்கு மேல் நின்றது. 2014 கிறிஸ்துமஸ் காலத்தில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் சேவைகள் இரண்டுமே தாக்குதலால் முடங்கின. வங்கி அட்டையின் விவரத்தைக் கணக்கில் நிலையாகப் பதித்து வைக்காமல், பரிசு அட்டை வழியே கட்டுவதற்கு இதுவே காரணம்.

மறுமுனையில் யார்?

இதுவரை சொன்னவை பணத்தைப் பற்றியவை. அதைவிடப் பெரியது, பிள்ளையின் காதில் யார் பேசுகிறார் என்பது.

காதணியை மாட்டிக்கொண்டு ஆடும் பிள்ளையோடு உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் உரையாடலாம். ஃபோர்ட்நைட் விளையாட்டில் சிறார்களுக்கும் குரல் உரையாடல் இயல்பாகவே திறந்துவைக்கப்பட்டிருந்ததை அமெரிக்க வணிக ஆணையம் குற்றமாகச் சுட்டிக்காட்டியது. 2022 டிசம்பரில் அதன் நிறுவனமான எபிக் கேம்ஸ், இதையும் பிற குற்றச்சாட்டுகளையும் சேர்த்து 52 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. பெற்றோரின் ஒப்புதலின்றிச் சிறார் விவரங்களைத் திரட்டியதற்காக மைக்ரோசாப்டும் 2023 ஜூனில் 2 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

மூன்று கருவிகளிலும் பெற்றோர் கட்டுப்பாடு உண்டு. பிள்ளைக்கு உண்மையான வயதைக் குறித்துச் சிறார் கணக்குத் தொடங்கினால், யாரோடு பேசலாம், எத்தனை மணி நேரம் ஆடலாம், எவ்வளவு செலவிடலாம் என்பவற்றைத் தாயோ தந்தையோ தம் கைப்பேசியிலிருந்தே வரையறுக்கலாம். இதில் மிகவும் இறுக்கமாக இருப்பது நின்டென்டோ. 2025 ஜூனில் வெளிவந்த ஸ்விட்ச் 2 கருவியின் உரையாடல் வசதியை 16 வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால் அவசரத்தில் பெரியவர் என்று வயதைக் குறித்துவிட்டால் எல்லாப் பூட்டுகளும் திறந்தே கிடக்கும்.

சூதின் சாயலையும் கவனிக்க வேண்டும். சில விளையாட்டுகளில் பணம் கொடுத்து மூடிய பெட்டி ஒன்றைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே சிறந்த ஆட்டக்காரர் வருவாரா, பயனற்ற பொருள் வருமா என்பது அதிர்ஷ்டம். பெல்ஜியம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டம் பணயம் வைத்து ஆடுவதைத் தடைசெய்தது. சந்தா கட்டி ஆடும் பொழுதுபோக்கை அது தடுக்கவில்லை. ஆயினும் சட்டம் தொடாத இடத்திலும் சூதை விலக்கி வாழ வேண்டியவர்கள் நாம். பெருநாள் பணம் இத்தகைய பெட்டிகளில் கரைந்துவிடாமல், செலவு வரம்பைச் சுழியமாக வைத்துவிடலாம்.

எதைத் தேர்வது?

பிள்ளைகள் பலர் உள்ள இல்லத்துக்கு ஒரே சந்தாவைப் பகிரும் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ சிக்கனம். ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு மாறும் குடும்பத்துக்கு எக்ஸ்பாக்ஸ் கணக்கு வளைந்து கொடுக்கும். பத்து வயதுக்குட்பட்ட சிறார்க்கு நின்டென்டோவின் இறுக்கமே பாதுகாப்பு. உறவினர் பிள்ளைகளிடம் வேறு கருவி இருக்கிறதே என்ற கவலையும் முன்போல் இல்லை. 2018 செப்டம்பரில் சோனி தன் கதவைச் சற்றுத் திறந்த பின், கருவி மாறினாலும் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டுகள் பெருகியுள்ளன.

எதை வாங்கினாலும் கருவியைப் பிள்ளையின் அறையில் வைக்காமல், குடும்பத்தார் கூடும் கூடத்தில் வையுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் இரண்டாம் கைப்பிடியை நீங்கள் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு ஆடுங்கள். அந்த ஆட்டத்துக்கு எந்த நிறுவனமும் சந்தா கேட்பதில்லை. இணைப்பு அறுந்த மழை நாளிலும் அது நடக்கும்.