வற்றிய குளத்தின் விளிம்பில்

ஆவணி பிறந்து, சிறுபோக அருவிவெட்டும் முடிந்து, மாதக்கணக்காக வன்னி வெளிகளை வறுத்தெடுத்த சோளகக் காற்று தன் வேகத்தைத் தளர்த்தும் காலத்தில், இரணைமடுவானாலும் முத்தையன்கட்டானாலும் வவுனிக்குளமானாலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்க் குளங்களேயானாலும், நீர் உள்வாங்கிய கரையெங்கும் ஈரச் சேறு ஒரு பட்டிபோல் நீண்டு கிடப்பதைக் காணலாம். பூச்சிகளை நெருங்கிப் படம் பிடிக்க விரும்புவோர் அவற்றைத் துரத்திக்கொண்டு காடெங்கும் அலைய வேண்டியதில்லை. அச்சேற்றருகே முழந்தாளிட்டு ஒரு நாழிகை பொறுத்திருந்தாற் போதும். வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் குளவியும் தாமாகவே வந்துசேரும். வருவது ஒரே இடத்துக்கு, காரியமோ மூன்று.

ஊர்ச் சிறுவர் வண்ணாத்திப்பூச்சி என்றழைக்கும் மஞ்சளும் வெள்ளையுமான அவ்வழகிய உயிர்கள், கூட்டங்கூட்டமாகச் சேற்றில் அமர்ந்து உறிஞ்சுகுழலை நீட்டிக்கொண்டிருப்பது தாகத்தினால் மட்டும் அன்று. பூந்தேனில் இனிப்பு மிகுதி, உப்போ மிகச் சொற்பம். ஆகவே, சேற்று நீரில் கரைந்துள்ள சோடியத்தை அவை திரட்டுகின்றன. அங்கு கூடுவன பெரும்பாலும் ஆண்களே. திரட்டிய உப்பில் ஒரு பங்கைப் புணர்ச்சியின்போது பெண்ணுக்கு அளிக்கின்றன. தேனீயோ தன் கூட்டைக் குளிர்விக்க நீர் முகந்து செல்கிறது. புழுக்கள் வளரும் அடைப்பகுதி ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் இருத்தல் வேண்டும் என்பதனால், வெயில் ஏறும்போது கொணர்ந்த நீரை அறைகளின்மீது மெல்லிய படலமாகப் பரப்பி, சிறகால் விசிறி ஆவியாக்குகிறது. குளவிக்கு வேண்டியது வீடு கட்ட மண். அதன் கதை நீளமானது, பின்னர் சொல்வேன்.

இக்காட்சிகளைப் பதிவுசெய்யும் கருவியின் தத்துவம் எளியது. வில்லைக்கும் கமராவின் உணர்தகட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டக்கூட, மிக அருகிலுள்ள பொருளும் தெளிவாகத் தோன்றும்; பொருளின் இயற்கையளவிலேயே பிம்பம் விழுமாறு அமைந்ததனை மக்ரோ வில்லை என்பர். அதனை வாங்க வசதியற்றோர், நடுவே வெற்றுக் குழாய்களைப் பொருத்தியும், பழைய 50 மில்லிமீற்றர் வில்லையொன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டியும் ஏறத்தாழ அதே பயனைப் பெறுகின்றனர். ஆயினும் எவர் கருவிக்கும் விலக்கில்லாத ஓர் இடர் உண்டு: இயற்கையளவில், துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கினாலும், தெளிவு நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீற்றரைச் சிறிதே கடக்கும். தேனீயின் கண் தெளிந்தால் சிறகு மங்கிப்போகும். எனவே, சிறகுகளை மடக்கி அமர்ந்த வண்ணத்துப்பூச்சியை, கமராவின் முகம் அச்சிறகுக்கு இணையாக நிற்கும்படி பக்கவாட்டிலிருந்தும், தேனீயை அதன் கண்ணைக் குறிவைத்தும் எடுப்பதே முறை. நொடிக்கு 200 தடவைக்கு மேல் அடிக்கும் தேனீச் சிறகை உறையச் செய்வது பிளாஷ் ஒளியே; அதன் வலுவைக் குறைக்கக் குறைக்க ஒளிவீச்சின் கால அளவும் குறுகி, நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது.

1880 முதல் 1887 வரை வெளிவந்த பிரெடரிக் மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூலுக்காகச் சித்திரம் தீட்டிய டி அல்விஸ் குடும்பத்துக் கலைஞர்களுக்குக் கமரா கிடையாது. கண்ணும் தூரிகையுமே அவர்களது சாதனங்கள். அவ்வோவியங்களைப் பார்க்குந்தோறும், கருவியைவிட உற்றுநோக்கும் பழக்கமே முதன்மையானது என்ற எண்ணம் என்னுள் உறுதிப்படுகிறது.

காலை 6 மணிக்குப் பின், உடல் இன்னும் சூடேறாத பூச்சிகள் சிறகு விரித்து இளவெயில் காயும் வேளையே உத்தமமானது. 9 மணிக்கு மேல் அவை நிலைகொள்ளா. தாழ்ந்து, மெல்ல, நம் நிழல் அவற்றின்மேல் விழாதவாறு நெருங்க வேண்டும். உயர்ந்த கிளைகளில் ஒற்றை அடையாகத் தொங்கும் பெருந்தேனீக் கூட்டுக்கும், கூடி வாழும் குளவிகளின் கூட்டுக்கும் அருகே எக்காரணங்கொண்டும் செல்லலாகாது. அதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று வன்னிக்கே உரியது: கண்ணிவெடி அபாயத்தைக் குறிக்கும் சிவப்புப் பலகை நாட்டப்பட்ட இடத்தில், எவ்வளவு அரிய பூச்சி பறந்து சென்றாலும், பாதையை விட்டு ஓர் அடியும் வைக்கக் கூடாது.

இனிக் குளவி. தாடைகளுக்கிடையே மண்ணுருண்டையைக் கவ்விச் செல்வது பெரும்பாலும் தனித்து வாழும் வேட்டுவன் குளவி. கையாற் பிடித்தாலன்றி அது நம்மைக் கொட்டுவதில்லை. திண்ணைச் சுவரிலும் கதவு நிலையிலும் அது மண்கூடு சமைப்பதைக் காணாத வீடு வன்னியில் அரிது. புழுவைக் கூட்டில் அடைத்துக் குளவி இடைவிடாது கொட்ட, அப்புழு குளவியையே தியானித்துத் தானும் குளவியாகிறது என்பது பிரமரகீட நியாயம். சீவன் இறைநிலை எய்துவதற்கு உவமையாக வேதாந்திகளும் சைவப் பெரியோரும் எடுத்தாண்ட நியாயம் அது. அவர்கள் கண்டது பொய்யன்று: கூட்டினுள் புழு சென்றது, கூட்டிலிருந்து குளவி வந்தது. இடையில் நிகழ்ந்ததே அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை.

பானைவடிவில் கூடு வனையும் குளவி, முதலில் கூட்டின் முகட்டிலிருந்து மெல்லிய இழையொன்றில் தன் முட்டையைத் தொங்கவிடுகிறது. பின்னர் கம்பளிப்பூச்சிகளைக் கொட்டி, உயிர்போகாமல் அசைவு மட்டும் ஒடுங்கச் செய்து, கூட்டை நிரப்பி வாயை மண்ணால் அடைக்கிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் குளவிக்குஞ்சுக்கு அழுகாத புத்துணவு ஆயத்தமாய் இருக்கிறது. மெல்லிடையுடைய வேறொரு வேட்டுவன் இவ்வாறே சிலந்திகளைச் சேமிக்கிறது. கைவிடப்பட்டு உடைந்த கூடொன்றின் உட்புறத்தை மக்ரோ வில்லையால் நோக்கின், சிலந்திக் கால்களின் எச்சங்களும், குளவி உதிர்த்த கூட்டுறையும் ஒரே சிற்றறையில் அருகருகே கிடப்பதைத் தெளிவாகக் காணலாம்.

ஐப்பசியில் மழை கனத்துக் கனகராயன் ஆறு பெருக்கெடுத்ததும் சேற்று விளிம்பு நீருள் மறையும். அதன்பின் வண்ணத்துப்பூச்சியைத் தேட்கொடுக்கிச் செடியிலும், தேனீயைப் பூத்த மரத்திலும், குளவியைத் திண்ணைச் சுவரிலுமாகத் தனித்தனியே தேடிச் செல்ல வேண்டியதுதான்.