லெஸ் மெக்கேனும் ‘சுவிஸ் மூவ்மெண்ட்’ இசைத்தட்டும்

லெஸ் மெக்கேன் (செப்டம்பர் 23, 1935 – டிசம்பர் 29, 2023) அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், பாடகர். சோல் ஜாஸ் என்னும் இசைவகையை வளர்த்தவர்களுள் ஒருவர். ‘சுவிஸ் மூவ்மெண்ட்’ (1969) என்ற நேரடி ஒலிப்பதிவு அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது.

சோல் ஜாஸ் என்றால் என்ன?

1950களின் இறுதியில் ஜாஸ் இசை மிகவும் நுணுக்கமாகி, எளிய ரசிகர்களிடமிருந்து விலகத் தொடங்கியது. அப்போது சில கலைஞர்கள் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களையும் புளூஸ் இசையையும் ஜாஸுடன் கலந்தனர். ஒரே தாளக்கட்டு திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் கலைஞர் தம் கற்பனைக்கேற்ப வாசிப்பார். கேட்பவரின் கால் தானாகவே தாளம் போடும். இதுவே சோல் ஜாஸ்.

வாழ்க்கை

கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் பிறந்த மெக்கேன், தேவாலயப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே கற்றார். கடற்படையில் பணியாற்றியபோது பாட்டுப் போட்டியில் வென்று, 1956இல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார். பாடகி ராபர்ட்டா பிளாக்கின் திறமையைக் கண்டறிந்து, அவரை அட்லாண்டிக் நிறுவனத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே.

ஒத்திகையில்லாத கச்சேரி

1969 ஜூனில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஜாஸ் விழாவில் மெக்கேன் வாசித்தார். லெராய் வினகர் (பாஸ்), டொனால்ட் டீன் (டிரம்ஸ்) இருவரும் அவருடைய குழுவினர். எடி ஹாரிஸ் (சாக்சபோன்), பென்னி பெய்லி (டிரம்பெட்) இருவரும் அந்த மேடையில் வந்து சேர்ந்தவர்கள். ஐவரும் ஒன்றாக அமர்ந்து ஒத்திகை பார்த்ததில்லை. ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதால் உணர்ந்தே பின்தொடர வேண்டியிருந்தது. இந்த ஒலிப்பதிவில் இன்றும் கேட்கும் துடிப்புக்கு அந்தக் கூர்ந்த கவனமே காரணம் எனலாம்.

இசைத்தட்டின் முதல் பாடல் ‘கம்பேர்டு டு வாட்’. ஜீன் மெக்டேனியல்ஸ் எழுதிய இப்பாடல் வியட்நாம் போரையும் சமூகத்தின் போலித்தனத்தையும் சாடுகிறது. மெக்கேன் உடனே பாடத் தொடங்குவதில்லை. பியானோவில் சிறு சொற்கட்டு ஒன்றை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போகிறார். நீண்ட முன்னிசைக்குப் பின்னரே குரல் எழுகிறது. கோபமான சொற்களுக்குக் கொண்டாட்டமான தாளம்! அதனால்தான் அரசியல் பேச்சைக் கேட்க விரும்பாதவர்களும் இப்பாடலைக் கேட்டார்கள்.

‘மூவ்மெண்ட்’ என்பது கைக்கடிகாரத்தின் உள்ளியக்கத்தையும் குறிக்கும். சுவிஸ் கடிகாரம் துல்லியத்துக்குப் பெயர்பெற்றது. ஒத்திகையே இல்லாமல் பிறந்த இசைக்கு இப்பெயர் அமைந்தது சுவையான முரண். இத்தட்டு பில்போர்டு ஜாஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது.

பிற்காலம்

1990களில் மெக்கேன் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். ஆயினும் பாடுவதைக் கைவிடாமல், பயிற்சியால் மீண்டும் பியானோவுக்கும் திரும்பினார். எடி ஹாரிஸ் 1996இல் காலமானார். மெக்கேன் தமது 88ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலஸில் மறைந்தார்.

முதன்முறை கேட்கும் மாணவர்கள் முன்னிசையைத் தாண்டிச் செல்லாமல் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒன்றாக ஒத்திகை பார்த்திராத ஐவர் ஒரு குழுவாக மாறுவதை இப்பாடலில் கேட்கலாம்.