மூளை அலைகளைப் பழக்குதல்

சிறுவனை நாற்காலியில் உட்கார வைத்து, உச்சந்தலையில் மயிரை விலக்கித் தோலைத் தேய்த்துத் துடைத்து, பசை தடவிய சிறு உலோக வில்லை ஒன்றை அங்கே ஒட்டி, காது மடல்களில் கிளிப்புகளைக் கவ்வவிட்டு, எதிரே உள்ள திரையைப் பார்க்கச் சொல்கிறார்கள். திரையில் ஒரு விமானம் பறக்கிறது. அவன் கையில் பொத்தானும் இல்லை, விசையும் இல்லை. மூளையிலிருந்து எழும் மின்னலைகளில் விரும்பத்தக்கவை ஓங்கும்போது விமானம் உயர்கிறது, வேண்டாதவை ஓங்கும்போது தாழ்கிறது. நியூரோஃபீட்பேக் என்று வழங்கும் இந்த அப்பியாசத்தை முப்பது நாற்பது அமர்வுகள் செய்தால் கவனம் நிலைக்கும், தூக்கம் வரும், மனச்சோர்வு அகலும் என்று பல தேசங்களில் விளம்பரம் செய்கிறார்கள். துன்பப்படுகிற குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெற்றோருக்கு, இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

மனிதத் தலையிலிருந்து இந்த அலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர், ஜெர்மனியில் யேனா நகரத்து மனோவியாதி வைத்தியரான ஹான்ஸ் பெர்கர். 1924-ல் கண்டதை அவர் 1929 வரையில் வெளியிடவில்லை. கண்ணை மூடிச் சாந்தமாக இருப்பவரிடம் விநாடிக்குச் சுமார் பத்து முறை எழும் அலைக்கு அவர் ஆல்ஃபா என்று பெயரிட்டார்; கண்ணைத் திறந்ததும் அது மறைந்துவிடும். 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் என்னும் பிரசித்தி பெற்ற விஞ்ஞானி தம் தலையிலேயே சோதித்து இதை உறுதி செய்த பிறகுதான், சந்தேகித்தவர்கள் ஓய்ந்தார்கள். ஆயினும் மண்டையோட்டைக் கடந்து வெளியே வந்து சேரும் மின்சாரம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். சந்தையின் இரைச்சலை ஊருக்கு வெளியே நின்று கேட்பவன், கூட்டம் பெரிது என்று அறியலாமேயன்றி, யார் யாரிடம் என்ன பேரம் பேசினார் என்று அறிய முடியாது. கண் ஒரு முறை இமைத்தாலும், தாடை சற்று இறுகினாலும் எழும் மின்சாரம் இதைவிடப் பெரிது.

1950-களின் இறுதியில் சிகாகோவில் ஜோ கமியா என்பவர், கண்மூடி அமர்ந்தவர்களிடம், இந்தக் கணத்தில் ஆல்ஃபா எழுகிறதா இல்லையா என்று கேட்டு, விடை சரியா தவறா என்பதை மட்டும் அறிவித்து வந்தார். முதலில் குருட்டாம்போக்கில் சொன்னவர்கள், சில மணி நேரப் பழக்கத்துக்குப் பின் பெரும்பாலும் சரியாகவே சொல்லலானார்கள்.

ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்தது பூனைகளின் கதை. 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸில் பாரி ஸ்டெர்மன், பூனைகள் அசையாமல், அதே சமயத்தில் விழிப்புடன், ஆகாரத்துக்காகக் காத்திருக்கும் வேளைகளில் உடலசைவை ஆளும் மூளைப்பகுதியின்மேல் விநாடிக்கு 12 முதல் 15 முறை எழும் ஓர் அலையைக் கவனித்து, அந்த அலை தோன்றும்போதெல்லாம் பாலும் கோழிச்சாறும் கலந்து கொடுத்து, அதை அடிக்கடி எழுப்புவதற்கு அவற்றைப் பழக்கினார். பின்னர், ராக்கெட் எரிபொருளாகிய ஹைட்ரசீன் வகை நஞ்சு வலிப்பை உண்டாக்குவதைப் பற்றி அமெரிக்க விமானப்படைக்காக அவர் ஆராய நேர்ந்தபோது, அந்த நஞ்சு செலுத்தப்பட்ட பூனைகளுள், முன்பு அலைப்பயிற்சி பெற்றிருந்தவற்றுக்கு மட்டும் வலிப்பு தாமதமாக வந்தது, அல்லது வரவேயில்லை. அந்த வாயில்லா ஜீவன்களின் வேதனையை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. ஆயினும் தனக்குச் சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கை பூனைக்கு இருக்க முடியாது என்பதால், அந்தப் பரிசோதனையின் மதிப்பை மறுப்பதற்கில்லை. வலிப்பு நோயால் வருந்திய இளம்பெண் ஒருத்திக்கு அதே பயிற்சியை அளித்து, வலிப்புகள் வெகுவாகக் குறைந்ததை ஸ்டெர்மன் 1972-ல் வெளியிட்டார்.

அசையாதிருக்கும் பூனையின் அலை, அசையாமல் இருக்க முடியாத குழந்தைக்கும் உதவுமென்று கருதிய ஜோயல் லூபர், டென்னஸியில் அதைப் பிரயோகித்துப் பார்த்தார். அங்கிருந்து, மந்தமான தீட்டா அலையைக் குறைத்து, வேகமான பீட்டா அலையைப் பெருக்குவது என்னும் முறை பரவிற்று.

அலையைப் பழக்க முடியும் என்பது ஒரு விஷயம். அலை பழகியதால்தான் நோய் தணிந்தது என்பது வேறு விஷயம். இவ்விரண்டையும் பிரித்தறிய, அமெரிக்காவில் கவனக்குறைவு உள்ள, 7 முதல் 10 வயது வரையிலான 140-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தி, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் உண்மைப் பயிற்சி பெற்றனர். மற்றவர்களுக்குத் திரையின் விளையாட்டு, முன்பே பதிவு செய்யப்பட்ட வேறொரு குழந்தையின் அலைகளுக்கு ஏற்ப இயங்கிற்று. எவருக்கு எது என்பது குழந்தைக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. 38 அமர்வுகளின் முடிவில் இரு சாராருமே தெளிவாகத் தேறினார்கள். அவர்களுக்குள் வித்தியாசம் இல்லை. 13 மாதத் தொடர்ச்சியிலும் நிலைமை அதுவே. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் தூக்கமின்மையால் வருந்தியவர்களிடம் செய்த சோதனையும் 2017-ல் இதே பதிலைத்தான் தந்தது.

தேறியது பொய்யன்று, தேற்றியது அலையன்று என்பதே இதன் பொருளென்று எனக்குப் படுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் ஓயாமல் கண்டிக்கப்படும் குழந்தை, வாரத்தில் பல முறை, பொறுமையுள்ள பெரியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, தவறினாலும் திட்டு வாங்காமல், சற்று நிலைத்திருந்ததற்கே பாராட்டுப் பெறுகிறது. அதன் தாய் புதிய நம்பிக்கையோடு அதைப் பார்க்கத் தொடங்குகிறாள். மாதங்கள் செல்லச் செல்ல இயல்பான முதிர்ச்சியும் சேர்கிறது. இவற்றுக்கு மின்முனை தேவையில்லை. ஆகவே, பெருந்தொகை வாங்கிக்கொண்டு இந்தச் சிகிச்சையைத் தருபவர், மேற்சொன்ன முடிவுகளைப் பெற்றோருக்கு மறைக்காமல் சொல்லுவது கடமையென்று கருதுகிறேன். கவனக்குறைவுக்கு மெதில்ஃபெனிடேட் போன்ற மருந்தும், பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியும் இதைவிட உறுதியான ஆதாரத்தோடு இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு உள்ள பெரிய மனக்குறை வேறு. பூனைகளிடம் அத்தனை வலுவாகத் தொடங்கிய இந்த வித்தை, பின்னால் வந்த ஐம்பதாண்டுகளில் எந்த எந்த வியாதிக்கோ சென்றதேயன்றி, அது பிறந்த இடமாகிய வலிப்பு நோயில் சிறு சிறு ஆய்வுகளோடு நின்றுவிட்டது. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அவர்களுடைய மருந்தை நிறுத்தாமலே, பெருந்தொகையினரைச் சேர்த்து, குழந்தைகளிடம் செய்ததைப் போன்று இருபுறமும் மறைத்த பரிசோதனை ஒன்றை வலிப்புக்கும் நடத்திப் பார்க்க வேண்டும்.