நெருப்பைத் தாங்கும் செங்கல்

சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் சுமார் 1,450 டிகிரி உஷ்ணத்தில் பாதி உருகிச் சிமெண்டுக் கட்டிகளாகத் திரளும் சுழற்சூளையில், அதனினும் மிகுந்த வெப்பத்தோடு ஜுவாலை சீறிக்கொண்டிருக்க, வெளியேயுள்ள எஃகுக் கூடு இளகாமல் நிற்பதற்குக் காரணம், உட்புறம் வளையம் வளையமாகப் பதிக்கப்பட்டிருக்கும் தீச்செங்கற்களே. ஜுவாலை நேரே தாக்கும் பாகத்தில் இக்காலத்தில் பெரும்பாலும் மக்னீசியக் கற்களையும், அதையடுத்த பாகங்களில் அலுமினா மிகுந்த கற்களையும் பதிக்கிறார்கள்.

அலுமினா என்பது அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த பதார்த்தம். அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். மணலின் சாரமான சிலிக்காவோ 1,700 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் உருகிவிடும். ஆனால் சிலிக்காவில் அலுமினாவைச் சிறிதளவு மட்டும் கலந்தால், அக்கலவை 1,600 டிகிரியை எட்டுவதற்கு முன்பே இளகத் தொடங்குகிறது என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். அலுமினாவை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் உயர்த்தினாலோ, இரண்டும் கூடி முல்லைட் என்னும் ஊசி போன்ற படிகங்களாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கொதிக்கும் சூளையிலும் பாரத்தைச் சுமந்து நிற்கின்றன. இந்தச் சம்பந்தத்தை 1924-இல் போவன், கிரீக் என்ற இரு விஞ்ஞானிகள் வரைபடமாக்கிக் காட்டினார்கள். முல்லைட் என்ற பெயர், அக்கனிமம் இயற்கையில் அகப்பட்ட ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து வந்தது.

அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த இத்தகைய கற்களுக்கு வேண்டிய கனிமங்களில் நம் தேசம் பாக்கியம் பெற்றது. மேகாலயாவிலுள்ள காசி மலைகளின் சோனாபஹாரில் கிடைக்கும் சில்லிமனைட், சுட்டாலும் அதிகம் பருக்காத குணமுடையதாதலால், பாறையாகவே அறுத்துக் கண்ணாடி உலைகளுக்கு அனுப்பப்பட்டது. சிங்பூம் பகுதியின் லாப்சா புருவில் கிடைக்கும் கயனைட்டோ சூட்டில் வெகுவாக உப்பிவிடும்; ஆகவே அதை முன்னதாகவே சுட்டு, உப்புவதெல்லாம் உப்பித் தீர்ந்தபின் பொடித்துத்தான் கல்லாக அழுத்த வேண்டும். அலுமினா மிகுந்த தாதுவான பாக்சைட்டையும் இப்படியே முன்னதாகச் சுட்டு, பருமணியும் நுண்பொடியுமாகக் கலந்து, பலத்த அழுத்தத்தில் கல்லாக்கி, மறுபடியும் சூளையிலிடுகிறார்கள்.

இத்தனை பக்குவம் பெற்ற கல்லும் திடீர் உஷ்ணத்தில் வெடித்துச் சிதறும். எனவே புதுக்கல் பதித்த சூளையை மூட்டுவோர், உற்பத்திக்கு விரைவோரின் நெருக்குதலுக்கு இணங்காமல், ஒரு நாளுக்கும் மேலாக மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும்.