பாக்ஸ் ரூம் பிள்ளை
லண்டனில் குடியிருத்தல் – 9

“ஆரும் கேட்டா என்ர தங்கச்சியின்ர மகன் எண்டு சொல்லு தம்பி.”

படிக்க வந்து ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ பெட்டியை இறக்கும் பிள்ளைகளில் பலர் முதல் நாளே கேட்கும் சொல் இது. சொல்லும் அக்கா கெட்டவர் அல்ல. அவரும் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர்தான். ஒற்றைச் சம்பளத்தில் வாடகை கட்ட முடியாமல், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் பாக்ஸ் ரூமை விடுகிறார். வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே இந்தத் திடீர் உறவு. இப்படி அறை விட்டு லாட்ஜர் வைப்பதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒளிவுமறைவில்தான் தொடங்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஒளிக்கத் தேவையே இல்லாதவர்களும் ஒளிக்கிறார்கள். இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டில் ‘செக்யூர்’ வாடகை உரிமையோடு இருப்பவர் லாட்ஜர் வைத்துக்கொள்ளலாம். 1985ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், 93ஆம் பிரிவு, இதை உரிமையாகவே தருகிறது. வீட்டின் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விடத்தான் கவுன்சிலின் எழுத்து அனுமதி வேண்டும். வீடு முழுவதையும் விட்டால் அந்த ‘செக்யூர்’ உரிமை போய்விடும், திரும்பக் கிடைக்காது. ஆறு மாதம் ஊருக்குப் போகிறோம் என்று முழு வீட்டையும் வேறொரு குடும்பத்திடம் கொடுத்து வாடகை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2013இல் வந்த சட்டப்படி அது குற்றம். ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை.

லாட்ஜருக்கும் உள்வாடகைக்காரருக்கும் என்ன வேறுபாடு? நாம் தாளில் எழுதிக்கொள்வது அதைத் தீர்மானிக்காது. 1985இல் ஸ்ட்ரீட் எதிர் மௌண்ட்ஃபோர்ட் வழக்கில் பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக்கியது. அதில் அறைகளில் தங்கியிருந்த பெண்மணி, தான் வாடகைக்குடி அல்ல, அனுமதியின் பேரில் தங்குபவர் மட்டுமே என்று கையெழுத்திட்டிருந்தார். ஆனாலும் அறைகள் முழுக்க அவர் வசம் இருந்தன. பிறரை உள்ளே விடாமலிருக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. ஆகவே அவர் வாடகைக்குடியே என்று தீர்ப்பானது. ஒரே சமையலறை, ஒரே குளியலறை, நீங்களும் அதே வீட்டில் வாழ்கிறீர்கள் என்றால் அந்தப் பிள்ளை லாட்ஜர். மாடியைத் தனி அடுப்பும் தனிப் பூட்டுமாகப் பிரித்துக் கொடுத்தால் கதை வேறு.

தனியார் வீடு என்றால் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அனுமதி கேட்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். வீட்டுக்காரர் தயங்குவதற்குக் காரணமும் உண்டு. கணவன், மனைவி, ஒரு மாணவர் என்றாலே மூன்று பேர், இரண்டு குடும்பம். வாடகை வீட்டில் அப்படி இருந்தால் சட்டம் அதைப் பலர் பகிரும் வீடாக, அதாவது எச்.எம்.ஓ.வாகப் பார்க்கும். அவ்வளவு சிறிய பகிர்வுக்கும் உரிமம் கேட்கும் கவுன்சில்கள் லண்டனில் உண்டு. இல்லாவிட்டால் அபராதம் வீட்டுக்காரருக்கு. சொல்லாமல் வைத்தால் நீங்கள் அவரை மாட்டிவிடுகிறீர்கள்.

பணக் கணக்கு பலர் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ‘ரென்ட் எ ரூம்’ திட்டத்தில் ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை வரி இல்லை; வீடு சொந்தமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தனியாக வாழ்வதால் கவுன்சில் வரியில் 25 சதவீதக் கழிவு பெறுபவர், வேலைக்குப் போகும் லாட்ஜர் வந்தால் அதை இழப்பார். முழுநேர மாணவர் வந்தால் இழக்கமாட்டார். யூனிவர்சல் கிரெடிட்டில் லாட்ஜர் தரும் வாடகை வருமானமாகச் சேராது. ஆனால் கவுன்சில் வீடாக இருந்தால் அந்த அறை காலி அறையாகவே எண்ணப்படும். வாடகை உதவியில் அதற்கான 14 சதவீத வெட்டும் தொடரும்.

அறை விடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது விசா சோதனை. அந்தப் பிள்ளைக்கு இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. வீட்டுக்காரர் அதை ஏற்பதாக எழுதித் தந்தால்தான் அவருடையது. ‘ஷேர் கோட்’ வாங்கி அரசு இணையதளத்தில் பார்த்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, முதல் முறை தவறினாலே ஒரு லாட்ஜருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம். அதற்கு முன் அது 80 பவுண்டுதான்.

இத்தனைக்கும் நடுவில் மிகக் குறைந்த பாதுகாப்போடு இருப்பது அந்தப் பாக்ஸ் ரூம் பிள்ளைதான். அவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. நியாயமான அவகாசம் போதும். வாரவாடகை என்றால் அது ஒரு வாரமாகவும் இருக்கலாம். அவர் தரும் முன்பணத்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும் என்ற சட்டம் லாட்ஜருக்குப் பொருந்தாது. உங்கள் வாடகை உரிமை முடிந்தால் அவர் அறையும் போயிற்று. வீட்டுக்காரரிடம் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. தங்கை மகன் என்று சொல்லிக் குடியேறியவர், வாடகை கொடுத்தேன் என்று எப்படி நிரூபிப்பார்?

அறை விடும் அக்காமாரே, அண்ணன்மாரே, வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாடகை, முன்பணம், குறைந்தது ஒரு மாத அவகாசம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் பணத்துக்கு ரசீது கொடுங்கள். நம்மை நம்பி வந்த பிள்ளைக்கு இவ்வளவாவது செய்ய வேண்டும்.

(தொடரும்)